தவரணை மண்

பெரியாயிக்குப் பிள்ளைகள் நான்கு பிறந்தன. முதல் மூன்றும் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தன. நான்காவதை அவளே கொண்டுபோய் விற்றுவிட்டாள்.

விற்றாள் என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வாங்கியது மாரியம்மன். இலங்கை மலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், சூலமும் ஒரு கல்லும் தகரக் கூரையும் கம்பிக் கதவுமாக அம்மன் இருந்தாள். பிறந்து மூக்கும் முழியும் தெளியாத பெண் குழந்தையைச் சூலத்தடியில் கிடத்தி, "ஆத்தா, இது உன் புள்ள, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் பெரியாயி. பூசாரி மாரிசாமி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவளே யாரோ வழிப்போக்கி மாதிரி முறத்தில் தவிடு கொண்டுவந்து கொட்டி, "இந்தப் புள்ளைய வளக்கக் குடுப்பீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரியாயி வீட்டுப் பிள்ளையைத் தேடி எமன் வந்தால், அங்கே இருப்பது அம்மன் வீட்டுப் பிள்ளை. அதன்மேல் கைவைக்க அவனுக்கு மட்டும் எங்கிருந்து துணிச்சல் வரும்?

குழந்தை பிழைத்துக்கொண்டது. தோட்டத்து ஆபீசில் அதன் பெயர் ஜெயலெட்சுமி; வரிசைக் குடியிருப்பான லயத்தில் தவிடு. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காது குத்தினாலும் கல்யாணம் கட்டினாலும் உடையவளைக் கேட்க வேண்டும். வளர்ப்பவள் இஷ்டத்துக்கு எதுவும் செய்துவிட முடியாது. பெரியாயிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளை யாருடையதாக இருந்தால் என்ன, மூச்சு இருந்தால் போதும் என்று இருந்தாள்.

அவள் புருஷன் அழகர் நல்லவன்தான், நாக்கில் மட்டும் சனி குடியிருந்தது. 1950இல் ஒரு நாள், தவிட்டுக்குக் காய்ச்சல் என்று பெரியாயி வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாள். கங்காணி அவளுக்கு அரைப்பேர் போட்டார். முழு நாளும் கொழுந்து பறித்தவளுக்கு அரை நாள் சம்பளம் என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் எரிந்த வயிற்றோடு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தோட்டத்து வழக்கம். அழகர் ஊர் கூடியிருந்த பெரட்டுக் களத்திலேயே கங்காணியின் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டான். அடுத்த நாள் கையில் பத்துச்சீட்டு, வேலையை விட்டு நிறுத்தும் கடுதாசி.

பத்துச்சீட்டு கிடைத்தால் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும், அடுப்புப் போட்ட மூலையும் போகும். தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று ஆகி, இந்த நாட்டுக்காரர்களா அந்த நாட்டுக்காரர்களா என்று படித்தவர்களே தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலம். அதில் இதுவும் சேர்ந்தது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று அழகர் விசாரித்து வந்தான். மறுநாளே கிளம்ப வேண்டும்.

பெரியாயி சட்டி பானையைக் கட்டினாள், சாக்கைச் சுருட்டினாள், பிறகு காம்பரா வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நா வரல" என்றாள்.

"ஏ புள்ள, என்ன வெளயாட்டு இது?"

"புள்ளைக்கு உடையவ மேல இருக்கா. அவள விட்டுட்டு அவ புள்ளையத் தூக்கிட்டுப் போனா அது களவு. பிடிமண் எடுத்துட்டு வாங்க. மண்ணு வந்தாத்தான் நா வருவேன்."

பிடிமண் என்பது சாமியை இடம் மாற்றும் வழி. மூலக் கோயிலின் சாமி காலடியில் பூசாரி தன் கையால் ஒரு பிடி மண் அள்ளித் தருவார். அதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் புது இடத்தில் போட்டால், அங்கே இருக்கிற சாமி இங்கேயும் இருக்கும். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த பாட்டன்மார் அப்படித்தான் அம்மனை மலைக்குக் கொண்டுவந்தார்கள். பெரியாயியே போயிருப்பாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தூரம். கோயில் படி ஏறக்கூடாது. அதனால் அழகர் போனான்.

சரியான மழை. நனைந்த கோழியாகத் திரும்பி வந்தவன் கையில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. பெரியாயி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழகர் ஒன்றும் பேசாமல் தலையைத் துவட்டினான். பேசாத மனுஷன் பேசாமல் இருந்தால் பரவாயில்லை, அழகர் பேசாமல் இருந்தபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

லுணுகலைத் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே ஒரு சவுக்கு மரம் இருந்தது. அதன் அடியில் பெரியாயி மண்ணைப் போட்டு, மூன்று கல்லை நட்டு, மஞ்சள் பூசினாள். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் அங்கே நின்று, பக்கத்துக் காம்பராக்காரியிடம் பேசுவது போலப் பேசிவிட்டுப் போவாள். "ஆத்தா, உம் புள்ள நேத்து சோறு திங்கல", "உம் புள்ளைக்கு பல்லு விழுந்துருக்கு", "இன்னிக்கு மலையில அட்டை ஜாஸ்தி, பாத்துக்க." பதில் வரும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. பேசினால் நெஞ்சு லேசாகும், அவ்வளவுதான்.

கொஞ்ச காலத்தில் லயத்து ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தொலைந்த மாடு கிடைத்தது, ஒருவனுக்கு இருமல் நின்றது. யாரோ தகரம் கொடுத்தார்கள், யாரோ மணி வாங்கிக் கட்டினார்கள். 'ஸ்பிரிங்வெளி ஆத்தா' என்று பெயரே விழுந்துவிட்டது. சித்திரையில் பெரியாயி தீச்சட்டி எடுத்தாள். தவிடு வயதுக்கு வந்தபோது அங்கேதான் முதல் விளக்கு வைத்தாள். பெண் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறும் அழகைப் பார்த்து, ஹாலிஎலைப் பக்கத்திலிருந்து நல்ல இடமாக ஒரு சம்பந்தமும் வந்தது.

பரிசம் போட 1961இல் நாள் குறித்தபோது, அழகர் தன் மச்சான் முறையான பழைய தோட்டத்துப் பூசாரி மாரிசாமிக்கும் சொல்லி அனுப்பினான். அந்த ஆள் இவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறார் என்று நினைத்திருப்பான். மாரிசாமி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

பரிசம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரியாயி மாரிசாமியைப் பெருமையோடு பீலிக்கரைக்குக் கூட்டிப் போனாள். கோயிலைச் சுற்றிப் பார்த்தவர் சுண்ணாம்பைத் தடவி வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"நல்லா வச்சிருக்க தங்கச்சி. பிடிமண் எங்கருந்து?"

"என்னண்ணே இப்புடிக் கேக்குறீங்க? நீங்க குடுத்ததுதான். நாங்க தோட்டத்த விட்டு வந்தப்ப இவரு வந்து வாங்கிட்டு வந்தாரே."

மாரிசாமி மெல்லுவதை நிறுத்தினார். "நா யாருக்கும் மண்ணு குடுக்கல. நீங்க போறதுக்கு மொத நாளு நா தோட்டத்துலயே இல்ல. சம்சாரத்த பதுளை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். கோயில் பூட்டு, சாவி என் இடுப்புல."

பெரியாயி அழகரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சவுக்கு மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்தவனுக்கு அதற்குமேல் மறைக்கச் சோறு இல்லை.

"மழை" என்றான். "கோயிலும் பூட்டு. வெறுங்கையோட வந்தா நீ எந்திரிக்க மாட்ட. விடிஞ்சா கங்காணி சாமான வெளியில எறிவான். நா என்னத்தப் பண்றது? வர்ற வழியில தவரணை இருந்துச்சு."

"தவரணையா?"

"நல்ல மண்ணுதான் புள்ள. சலிச்ச மண்ணு."

தவரணை என்றால் தேயிலை நாற்று வளர்க்கும் மேடை. சாணியும் இலைச் சருகும் கலந்து சலித்த மண். பதினோரு வருஷமாகப் பெரியாயி மஞ்சள் பூசிக் கும்பிட்டது, தேயிலைக் கன்று முளைக்கவேண்டிய மண்ணை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. கோபப்படுவதற்கு முதலில் என்ன நடந்தது என்று புரிய வேண்டும் அல்லவா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாரிசாமி அதற்கு மேலும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

"அப்ப இந்தப் புள்ள கல்யாணத்துக்கு யார்கிட்ட உத்தரவு கேட்ட? இங்கயா? இது செல்லாது தங்கச்சி. உடையவ அங்க உக்காந்துருக்கா. கேக்காமக் கட்டிக் குடுத்தா, புள்ளையக் குடுத்தவ வந்து எடுத்துக்குவா. நா பயமுறுத்தல, மொறையச் சொல்றேன்."

எடுத்துக்கொள்வாள் என்றால் என்ன என்று பெரியாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று தரம் பறிகொடுத்தவள் அவள்.

அடுத்த நாள் காலையில் பீலிக்கரையில் வந்து நின்றாள். கை தானாகக் கும்பிடப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாரைக் கும்பிடுவது? அம்மன் பழைய தோட்டத்திலேயே இருந்துவிட்டாள் என்றால், இத்தனை வருஷம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார்? யாரும் பார்த்துக்கொள்ளவில்லை, பிள்ளை சும்மாவே வளர்ந்தது என்றால், அன்றைக்குத் தவிடு கொட்டி வாங்கியதும் சும்மாதானா? சரி, அம்மன் எங்கேயும் இருப்பாள் என்று வைத்துக்கொண்டால், எதற்குப் பிடிமண், எதற்குப் பூட்டு, எதற்கு மாரிசாமி? ஒன்றை இழுத்தால் இன்னொன்று வந்தது. நூல்கண்டில் பூனை புகுந்த கதையாக அவள் நினைப்பு சிக்கிக்கொண்டது. கும்பிடாமல் வேலைக்குப் போனாள். கும்பிடாமல் போனதற்காக மத்தியானம் வரை பயந்துகொண்டிருந்தாள்.

சாயந்திரம் லயத்து இராக்கம்மா தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "காய்ச்சல் கொதிக்குது, ஆத்தா திருநீறு கொஞ்சம் போடு பெரியாயி." இது ஆத்தா இல்லை, நாற்று மேடை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பெரியாயி திருநீறு பூசினாள். ராத்திரி முழுவதும் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று கிடந்தாள். விடிந்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று இராக்கம்மா தேங்காயோடு வந்து நின்றாள். அது பெரியாயியை இன்னும் குழப்பியது. காய்ச்சல் விடாமல் இருந்திருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

லுணுகலைக் கடைத்தெருவில் வழக்கமாகக் கற்பூரம் வாங்கும் கடை ஸஹாப்தீன் நானாவுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அரிசியை மட்டும் வாங்கினாள்.

"என்னம்மா, சாமிக்கு ஒண்டும் வேணாமா இண்டைக்கு?"

"அங்க சாமி இருக்கா இல்லையான்னே தெரியல நானா."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "எனக்கும்தான் தெரியாது, நான் கேக்கிறது எங்க போய்ச் சேருதுண்டு. எண்டாலும் அஞ்சு நேரமும் கேக்கிறேனே."

இவருக்கென்ன, இவர் சாமிக்குக் கல்லும் இல்லை மண்ணும் இல்லை, தொலைக்கவும் வழியில்லை என்று நினைத்துக்கொண்டே பெரியாயி அரிசிப் பையைத் தலையில் ஏற்றினாள். அவர் சொன்னது ஆறுதலா, தனக்கும் அதே கஷ்டம் என்ற முறையீடா என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

கடைசியில் பயம்தான் வென்றது. மாரிசாமி சொன்னபடி, உத்தரவு கேட்கப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் புறப்பட்டாள். அழகர் வரவில்லை. அந்தத் தோட்டத்து மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்தவனாம்.

"மிதிக்க மாட்டீங்க, அள்ளிட்டு மட்டும் வருவீங்க" என்றாள் பெரியாயி. உண்மை தெரிந்தபின் அவனிடம் அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அழகர் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் கிளம்பும்போது, "நா செஞ்சது தப்புத்தான் புள்ள. ஆனா அன்னிக்கு வேற வழி தெரியல" என்றான்.

பதுளையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, மலைப் பாதையில் ஏறி நடந்தார்கள். கோயில் மாறவே இல்லை. தகரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். ஓடிப்போய் விழ வேண்டும் போல இருக்கும் என்று பெரியாயி வழியெல்லாம் நினைத்து வந்தாள். கிட்டே வந்தபோது கூச்சமாக இருந்தது. ரொம்ப நாளாக வீட்டுப் பக்கமே போகாத உறவுக்காரியின் வாசலில் நிற்பது போல என்ன பேசுவது என்று தெரியவில்லை. 'ஆத்தா' என்றாள். உடனே கண்ணுக்குள் வந்தது சவுக்கு மரமும் பீலித் தண்ணீர்ச் சத்தமும்தான். தலையை உதறிக்கொண்டாள். அங்கே நின்று இந்த ஆத்தாவை நினைத்தாள், இங்கே நின்று அந்த இடத்தை நினைக்கிறாள். எதில்தான் அவள் ஒழுங்காக இருந்தாள்?

மாரிசாமி கல்லுக்குத் தண்ணீர் வார்த்து, இரண்டு செவ்வரளிப் பூவை நனைத்து, கல்லின் வலத் தோளில் ஒன்றும் இடத் தோளில் ஒன்றுமாக ஒட்டினார். வலது பூ விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் இல்லை. மணியை அடித்து, "ஆத்தா, உம் புள்ள வந்துருக்கு, வாக்குக் குடு" என்று உரக்கச் சொன்னார்.

உட்கார்ந்தார்கள். பூ விழவில்லை.

மாரிசாமி பாட்டுப் பாடினார். கற்பூரம் காட்டினார். மழை வந்தது, விட்டது. இரண்டு பூவும் அப்பி வைத்தது போல அப்படியே இருந்தன. ஜெயலெட்சுமி கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தாள். பெரியாயி வலது பூவையே கண் கொட்டாமல் பார்த்தாள். விழு, விழு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பிறகு இடது விழுந்துவிடுமோ என்று பயந்து, விழாதே, விழாதே என்று கெஞ்சினாள். எந்தப் பூவிடம் எதைக் கேட்கிறோம் என்பதே குழம்பிப் போயிற்று.

"ஆத்தா பேச மாட்டேங்குறா" என்றார் மாரிசாமி. "கோவமா இருக்கா. வர்ற வெள்ளிக்கெழம ஒரு சேவலோட வாங்க. அப்பவும் பேசலைன்னா அதுக்கடுத்த வெள்ளி."

பேச மாட்டேன் என்கிறாள். பெரியாயி அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். ஆத்தாதான் எப்போது பேசினாள்? பீலிக்கரையில் பதினோரு வருஷம் ஒரு நாளாவது பேசினாளா? பிள்ளைக்குப் பல் விழுந்தபோதும், அம்மை போட்டபோதும், அழகர் குடித்துவிட்டு ஆற்றோரம் கிடந்தபோதும் இவள்தான் பேசினாள், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அப்போது அவளிடம் யாரும் பூவும் கேட்கவில்லை, சேவலும் கேட்கவில்லை. மண் தவறான மண். பேச்சு தவறான பேச்சா? அதுதான் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. ஆனால் இந்த இரண்டு பூவுக்கு முன்னால் கைதி போல உட்கார்ந்திருப்பது தனக்குத் தெரிந்த ஆத்தாவிடம் உட்கார்ந்திருப்பது போல இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள்.

"நாங்க போறோம்ண்ணே."

"என்ன தங்கச்சி, உத்தரவு இல்லாம எந்திரிக்கிற?"

"கல்யாணம் வச்சாச்சுண்ணே. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்ததா இருக்கட்டும்." அவள் கல்லைப் பார்த்துத் திரும்பினாள். "ஆத்தா, புள்ளைய ஹாலிஎலையில குடுக்குறேன். நல்ல பையன். நீ அங்க இருந்தியா, இங்க இருந்தியா, எனக்குத் தெரியல. எங்க இருந்தாலும் இத்தன நாளு பாத்துக்கிட்டவ நீதான். இனியும் பாத்துக்க."

மாரிசாமியின் முகம் வெளுத்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை; நிஜமாகவே பயந்தார். "வெளயாடாத. நாளைக்கு அவ வந்து எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவ?"

பெரியாயி மகளைப் பார்த்தாள். மூன்று சின்னக் குழிகள் இதே மலையில்தான் எங்கேயோ தேயிலைக்கு அடியில் இருந்தன. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயம் அப்படியே இருந்தது.

"எடுத்துக்கிட்டா அழுவேன்" என்றாள். "அழுதுட்டு, அவகிட்டதான் வந்து நிப்பேன். வேற யார்கிட்டண்ணே போறது?"

மாரிசாமி கையில் இருந்த மணியைக் கீழே வைத்தார். திருநீற்றைக் கிள்ளி ஜெயலெட்சுமியின் நெற்றியில் பூசிவிட்டு நகர்ந்து நின்றார்.

தாயும் மகளும் மலை இறங்கினார்கள். பூ இரண்டும் அப்போதும் கல்லில்தான் இருந்தன. பின்னால் எது விழுந்தது, எப்போது விழுந்தது என்று பெரியாயி யாரிடமும் கேட்டனுப்பவில்லை. பாதி வழியில் ஜெயலெட்சுமி மெல்லக் கேட்டாள்.

"அம்மா, உத்தரவு கெடச்சுதா இல்லையா?"

"தெரியலடி."

"அப்ப கல்யாணம்?"

"ஆவணியில" என்றாள் பெரியாயி. "வெரசா நட, பஸ்ஸு போயிரும்."